கடிதத்தோடு போன வாய்ச்சேதி

பிரிஸ்டல் என்பது கடலுக்கு அப்பால் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். எங்கள் துரைகளின் புகையிலை அங்கே போய் இறங்கும். ஒரு வருஷம் அங்கே நல்ல விலை கிடைத்த சந்தோஷத்தில், அந்த வாரம் அடிமைகளின் லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பழைய கென்னர் துரை அந்தப் பெயரை வைத்துவிட்டார். பெற்றவள் மனதில் என்ன பெயர் இருந்ததோ, யாரும் கேட்கவில்லை. பிள்ளை அந்தப் பெயரிலேயே வளர்ந்தான், அந்தப் பெயரிலேயே நரைத்தான்.

நான் டோர்கஸ். பியாங்கடாங்க் ஆற்றங்கரையில் ஹாலோவே துரை வீட்டுச் சமையல்காரி. அந்த அடுப்படியில் பன்றித் தொடையோடு சேர்ந்து நானும் வெந்தேன். பிரிஸ்டலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன் சுமந்த கடிதங்கள் படிக்கப்பட்ட மேஜையில் சாப்பாடு போட்டவள் நான்தான்.

அவன் எங்கள் வீட்டுக்குச் சீதனமாக வந்தவன். கென்னர் வீட்டுப் பெண்ணை ஹாலோவே துரைக்குக் கட்டிக்கொடுத்தபோது கூடவே ஒரு கட்டில், பசுக்கள், வெள்ளிக் கரண்டிகள், பிரிஸ்டல் எல்லாம் வந்தன. அப்போதே அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டா என்று பெயர். கென்னர் துரையின் புகையிலைக் காட்டில் வேலை செய்பவள். எங்கள் ஜனங்களின் கல்யாணத்துக்குப் பாதிரியும் இல்லை, பதிவும் இல்லை. அதனால் அவளையும் சீதனத்தில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் வயிற்றுப் பிள்ளையோடு அங்கே நிற்க, இவன் கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். அடுப்படி வாசலில் வந்து நின்றவன், தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, இங்கேருந்து ராப்பஹானக் ஆத்துக்குக் குதிரையில போனா எவ்ளோ நேரம்?" என்றுதான் கேட்டான். கென்னர் துரையின் வீடு அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது.

"நடுவுல ஒரு ராத்தங்கல் போட்டா குதிரைக்குக் கஷ்டம் இல்ல. உனக்கு யாருப்பா குதிர தரப் போறா?" என்றேன்.

குதிரை கிடைத்தது. அதற்குக் காரணம் துரைகளின் கடிதங்கள்.

ஹாலோவே துரையும் அவர் மைத்துனர், பழைய துரையின் மகனான கென்னர் துரையும் எழுதிக்கொண்டதைப் போல அந்த இரண்டு ஆற்றங்கரைகளிலும் வேறு யாரும் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். புகையிலைக்காரர்களின் கடிதத்துக்கு என்று ஒரு முறை உண்டு. முதலில் மழை வரும். அடுத்து நாற்று, புழு, நுனி கிள்ளியது, வெட்டியது, கொட்டகையில் தொங்கவிட்டது, பீப்பாயில் அடைத்தது. அப்புறம் லண்டன் வியாபாரியைத் திட்ட வேண்டும். இத்தனையும் முடிந்து தாளில் இடம் மிச்சமிருந்தால் குடும்பம். "என் குடும்பம் நலம்" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் நாங்களும் சேர்த்தி. காய்ச்சலில் எங்களில் யாராவது போய்விட்டால், "குடும்பத்தில் இருவர் குறைந்துவிட்டதால் புழு பொறுக்க ஆள் போதவில்லை" என்று எழுதுவார்கள்.

எழுதியதை மேஜையில் உரக்கப் படித்துக் காட்டாவிட்டால் ஹாலோவே துரைக்குச் சாப்பாடு இறங்காது. தட்டோடு நின்றபடியே எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்:

"மதிப்புக்குரிய மைத்துனருக்கு. ஈஸ்டருக்குப் பிறகு இங்கே மழை இல்லை. நாற்று நடும் பருவம் வந்தும் ஈரத்துக்காகக் காத்திருக்கிறேன். நாற்றங்காலில் வண்டு விழுந்துவிட்டது. உங்கள் சகோதரி ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். உங்களிடம் உள்ள இனிப்பு இலை விதையில் ஒரு கரண்டி அனுப்பி உதவவும்."

பிள்ளை பிறந்த சேதி வண்டுக்கும் விதைக்கும் நடுவில் கிடந்தது. பெற்ற அம்மா மேஜையின் மறுமுனையில் தலைகுனிந்து கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்த நாட்கள் குறைவு. அன்று வந்தது.

கடிதம் கொண்டுபோகும் வேலை பிரிஸ்டலுக்குக் கிடைத்தது. அவனுக்கு வழி தெரியும், கென்னர் வீட்டு நாய்களுக்கு அவனைத் தெரியும். ஓடிப்போக மாட்டான் என்பது துரைக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளை இருக்கும் இடத்துக்குத்தானே போகிறான்? துரை கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எங்களில் ஒருவன் அந்தச் சாலையில் கால் வைத்தால், எதிரில் வரும் எந்த வெள்ளைக்காரனும் பிடித்துக் கட்டிப்போடலாம். ஆகவே பிரிஸ்டல் பெண்டாவைப் பார்க்க வேண்டுமென்றால் துரைக்கு மைத்துனரிடம் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். போன இடத்திலும் கென்னர் துரை பதில் எழுதி முடிக்கும்வரைதான் இருக்கலாம்.

நல்லவேளை, கென்னர் துரை வளவளவென்று எழுதுகிறவர். எழுதுவார், அடிப்பார், தாளைக் கிழித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். அவர் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று பிரிஸ்டல் ஜெபம் பண்ணியதை நானே கேட்டிருக்கிறேன். போய்விட்டு வந்ததும் அடுப்படிப் படியில் உட்கார்ந்து சோள அடையைப் பிட்டுக்கொண்டே சொல்வான்.

"இந்தத் தடவ புழுவப் பத்தியே எழுதித் தள்ளிட்டாரு அக்கா. கெசியா என் மடியிலயே தூங்கிட்டா. எழுப்பி விட்டுட்டு வந்தேன்."

கெசியா அவன் மகள். புழு அதிகம் விழுந்த வருஷங்களில் அவன் முகம் தெளிவாக இருக்கும். அதைச் சொல்லி நான் கேலி செய்வேன்.

"ஊரே புழுவால அழுவுது. நீ மட்டும் புதுமாப்பிள்ள மாதிரி சிரிக்கிற."

"புழுவும் ஆண்டவன் படைச்சதுதான் அக்கா," என்பான்.

ஒரு ஆகஸ்டு மாதக் காய்ச்சலில் கென்னர் துரையின் ஒரே மகன் போய்விட்டான். சின்னப் பையன். சேதி வந்ததும் ஹாலோவே துரை உட்கார்ந்து எழுதினார், வழக்கம்போலப் படித்தும் காட்டினார். நுனி கிள்ளியதும் கங்காணி குடித்துவிட்டு விழுந்து கிடந்ததும் முதல் பக்கம் முழுக்க இருந்தன. அடியில், "தங்கள் மகனைக் கர்த்தர் எடுத்துக்கொண்டதை அறிந்தேன். அவர் சித்தம். ஆற்றோர நிலத்தில் பக்கக் கிளைகளை உடனே ஒடிக்கச் சொல்லவும். மற்றதைக் கொண்டுவருபவன் வாயால் அறியவும்." படித்து முடித்துவிட்டுத் தொடைக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கடைசி வரி அவர்கள் எல்லோரும் போடுகிற வரிதான். தாளில் இடம் போதாததற்கும் எழுதச் சோம்பலாக இருப்பதற்கும் அது. பாலம் உடைந்தது, பசு கன்று போட்டது என்று மிச்சத்தைக் கொண்டுபோகிறவன் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவார்கள். எங்கள் வார்த்தை கோர்ட்டில் செல்லாது. ஆனால் அந்த வீடுகளின் தாழ்வாரத்தில் செல்லும்.

அங்கே நடந்ததைப் பிரிஸ்டல் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். கென்னர் துரை தாழ்வாரத்தில் நின்றபடி கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா? என் புள்ளைக்கு ஒரே வரி. அதுக்கு மேலயும் பொகயில, கீழயும் பொகயில." தாளைக் கசக்கினார். "உன் துரைகிட்ட போய்ச் சொல்லு. இனிமே எனக்குக் கடுதாசி வேணாம். நீயும் இந்தப் பக்கம் வராதே."

கிணற்றடியில் பெண்டா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கெசியா. இனி வராதே என்றால் அவர்களை இனிப் பார்க்காதே என்று அர்த்தம். பிரிஸ்டல் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

"துரை, அவரால எழுத முடியல," என்றான்.

"என்ன?"

"உங்க புள்ள பேர எழுதப் போனாரு, கை வரல. பேனாவ வச்சுட்டு வெளிய போயி, பொகயிலக் கொட்டகையில இருட்டுக்குள்ள நின்னாரு. அம்மா போய்க் கூப்ட்டும் வரல. அன்னிக்கு அவரு சாப்பிடல துரை. பயிரப் பத்தி எழுதுறதுக்குத்தான் அவருக்குத் தெம்பு இருந்துச்சு."

கென்னர் துரை படியில் உட்கார்ந்துவிட்டார். கசக்கிய தாளை முழங்கால்மேல் வைத்து நீவினார். அழுதார். அழுது முடித்து உள்ளே போய் எழுதத் தொடங்கியவர் இரண்டு நாள் எழுதினார்.

திரும்பி வந்து பிரிஸ்டல் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"ரெண்டு தட்டு கறி தின்ன மனுசன் சாப்பிடலன்னா சொன்னே? நான்தானேடா போட்டேன்!"

"நீ போட்டது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்கு எதுக்கு அக்கா அது? புள்ளையப் பறிகொடுத்த மனுசன். அவருக்கும் ஒரு வார்த்த வேண்டியிருந்துச்சு."

அப்படித்தான் தொடங்கியது. பிறகு அது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே போய் ஹாலோவே துரையின் அன்பைச் சொல்வான். இங்கே வந்து கென்னர் துரையின் மரியாதையைச் சொல்வான். "உங்க கொட்டகை மாதிரி காத்து வர்ற கொட்டகை இந்தச் சீமையில இல்லன்னு சொன்னாரு துரை," என்பான். எங்கள் துரை மீசையில்லாத உதட்டைத் தடவிக்கொண்டு உள்ளே போய், அதற்குப் பதிலாக ஒரு தொடைக்கறியும் கடிதமும் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்புவார். ஒரு வருஷம் கென்னர் துரையின் பீப்பாயைச் சர்க்காரின் கிடங்கில் உடைத்துப் பார்த்து, இலை பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று மூட்டமாகப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். "நீங்கள் அனுப்பிய விதை கெட்ட விதை" என்று அவர் எழுதினார், "உங்கள் கை கெட்ட கை" என்று இவர் எழுதினார். இரண்டு கடிதங்களையும் சுமந்தவன் வாயால் தேன் தடவியே கொடுத்தான். கோடை முடிவதற்குள் இருவரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். தாங்கள் பெரிய மனசுக்காரர்கள் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கெசியா வளர்ந்தாள். இடுப்பை விட்டு இறங்கினாள், புழு பொறுக்கப் போனாள், அப்பா வரும் நாளில் ஓடி வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள். இரண்டு துரைகளின் நட்பு உறுதியாக இருக்கும்வரை இந்தக் குடும்பமும் இருக்கும் என்று பிரிஸ்டல் நம்பினான். நானும் நம்பினேன்.

புகையிலை மண்ணைத் தின்கிற பயிர். சில வருஷங்களில் நிலம் செத்துவிடும். எங்கள் பக்கம் பழைய வயல்களில் பைன் மரம் முளைக்கத் தொடங்கியபோது, ஹாலோவே துரை ஒரு மத்தியானம் நீளமான கடிதம் ஒன்றைப் படித்தார்.

"நமக்குள் இருக்கும் அன்பு உடன்பிறந்தவர்களுக்குள்கூட இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் புதுக்காடு கிடைக்கிறது. நாம் இருவரும் பாதிப்பாதியாக அதை எடுப்போம். உங்கள் தரப்பில் பாதி ஆட்கள், என் தரப்பில் பாதி. என் தம்பி மகன் பார்த்துக்கொள்வான்."

அம்மா கேட்டார், "பிரிஸ்டலையும் அனுப்புறீங்களா?"

"அவன எப்படி அனுப்புறது? அவன் போயிட்டா உன் அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல யாரு இருக்கா? இவன மாதிரி ஒருத்தன் கிடைப்பானா?"

பிரிஸ்டல் கதவோரம் கடிதத்துக்காகக் காத்து நின்றான். துரை அவனைப் பார்த்துச் சிரித்தார். அவனும் குனிந்து சிரித்தான். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெண்டாவ அனுப்ப மாட்டாரு அக்கா," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "நல்லா வேல செய்றவ. அவள விட மாட்டாரு."

"நல்லா வேல செய்றவளத்தான்டா புதுக்காட்டுக்கு அனுப்புவாங்க. கெழவியையா அனுப்புவாங்க?"

அந்த மலையடிவாரத்துக்கு இவன் கடிதம் கொண்டுபோகும் வழியே கிடையாது. அங்கே போனவர்கள் திரும்பியதும் இல்லை. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குதிரையேறினான். தன் பெண்டாட்டியையும் மகளையும் தூரதேசம் அனுப்பச் சொல்லும் கடிதத்தைத் தானே சுமந்து போனான். போகாமல் இருந்தால் வேறொருவன் கொண்டுபோவான். போனால் வாயாவது இருக்கிறது.

கென்னர் துரை கடிதத்தைப் படித்துவிட்டுக் குழந்தைபோலத் துள்ளினார். உடனே கங்காணியைக் கூப்பிட்டு ஆட்களை முற்றத்தில் நிறுத்தச் சொன்னார். தாழ்வாரத்தில் நின்று ஒவ்வொருவராகக் கைநீட்டினார். பத்துப் பேரைத் தாண்டுவதற்குள் அந்தக் கை பெண்டாவைக் காட்டியது. அடுத்துக் கெசியாவை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது இருக்கும்.

பிறகு வழக்கம்போலத் திரும்பிக் கேட்டார், "மாப்பிள்ள வாயால வேற என்ன சொன்னாரு?"

பிரிஸ்டல் சொன்னான், "துரை, இத எழுத அவருக்குக் கூச்சமா இருந்துச்சாம். உங்க தங்கச்சிக்கு இடுப்பு வலி. குனிய முடியல. வீட்டு வேலைக்கு ரெண்டு பொம்பளைங்க வேணும். பெண்டாவையும் அவ மகளையும் தர முடியுமான்னு கேக்கச் சொன்னாரு."

அத்தனை வருஷம் அவன் சொன்ன பொய்களெல்லாம் அன்பைப் பற்றியவை. ஆளைக் கேட்டுச் சொன்ன பொய் இதுதான் முதல் தடவை. பிடிபட்டால் முதுகுத்தோல் மிஞ்சாது, உயிரே போய்விடலாம். ஆனால் கென்னர் துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் தங்கச்சிக்கா? என்கிட்ட கேக்க என்ன கூச்சம்?"

கங்காணிதான் குறுக்கே வந்தான். "ரெண்டு பேர விட்டா புழு பொறுக்க யாரு துரை? அங்க சம பங்கு ஆள் காட்டணும்."

கென்னர் துரை தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். ஒருத்திய தரேன்." கங்காணியை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "யார வேணும்னு சொன்னாரு பிரிஸ்டல்? ஆத்தாளையா, மகளையா?"

முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். கேட்டவர் கெட்டவராகக்கூடக் கேட்கவில்லை. தங்கைக்கு எது பிடிக்கும் என்று ஆசையாகத்தான் கேட்டார். பெண்டாவும் கெசியாவும் நின்ற பக்கம் பிரிஸ்டல் திரும்பவே இல்லை. கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்தால் பேச்சு வராது என்று பயம். பேசாவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

"சின்னவள," என்றான்.

கென்னர் துரை பதில் எழுத உள்ளே போனார். எத்தனையோ வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதிய மனுஷன், அன்று கங்காணி காத்திருந்ததால் சுருக்கமாக எழுதினார். லயத்துக் கதவருகில் அவர்கள் மூன்று பேருக்கும் கிடைத்த நேரம் அவ்வளவுதான். பெண்டா தன் தலைத்துணியை அவிழ்த்து மகள் தலையில் கட்டினாள்.

"நீ சரியாத்தான் சொன்னே," என்றாள் அவனிடம்.

"பெண்டா..."

"சரியாத்தான் சொன்னேங்கிறேன்ல. கேளு. இவ கூச்சக்காரி. பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்க மாட்டா. நீயா பாத்துப் போடணும். ராத்திரி இடி இடிச்சா பயப்படுவா, பெரிய பொண்ணுன்னு சத்தம் போடாதே." பிறகு அந்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "உன் நல்ல வார்த்தையெல்லாம் ரெண்டு துரைங்களையும் இப்படி ஒட்ட வச்சிருச்சேய்யா. கொஞ்சம் சண்ட போட்டுக்கட்டும்னு விட்டிருக்கலாம்."

அது திட்டு இல்லை என்று பிரிஸ்டல் எனக்குச் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னான். உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கெசியா எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தாள். கென்னர் துரையின் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாலோவே துரை நெற்றியைச் சுருக்கினார். "நான் பொண்ணு கேட்டேனா?" என்றார். பிரிஸ்டல் கதவோரம் நின்றான். நான் தட்டைப் பிடித்திருந்தேன். துரை தன் கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு முகம் மலர்ந்தது. "நான் எழுதுன விதத்துல அவரே புரிஞ்சுக்கிட்டாரு பாத்தியா!" என்று அம்மாவிடம் சொன்னார். தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொண்டு தொடைக்கறியை வெட்டினார். பிரிஸ்டலின் முதுகு தப்பியது அப்படித்தான்.

நன்றிக் கடிதத்தோடு அடுத்த முறை அவன் போனபோது லயத்தில் பெண்டாவின் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். கென்னர் துரை கடிதத்தைப் படித்துவிட்டு ஆவலோடு நிமிர்ந்தார்.

"வாயால என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல, துரை."

"பொண்ண அனுப்புனதுக்கு? என் தங்கச்சி?"

"எழுதியிருப்பாங்க, துரை."

கென்னர் துரை இன்னும் கொஞ்சநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இங்கே வந்தும் அதே கதைதான். "மச்சான் என்ன சொன்னாரு?" என்பார் எங்கள் துரை. "கடுதாசில இருக்கும் துரை," என்பான் இவன். பொய் சொல்லவில்லை, கெடுத்துச் சொல்லவும் இல்லை. உள்ளதை உள்ளபடி கொடுத்தான், அவ்வளவுதான். இரண்டு துரைகளும் முதன்முறையாக ஒருவருக்கொருவர் எழுதியதை மட்டுமே படித்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

புதுக்காட்டில் முதல் வெள்ளாமை நன்றாக வந்தது. ஆனால் துரையின் தம்பி மகன் அவசரக்காரன். கப்பலுக்கு நேரமாகிறது என்று, இலை பதமாக வருவதற்குள் ஈரத்தோடு பீப்பாயில் வைத்து அழுத்திவிட்டான். ஈர இலை அடங்கி உட்காரும், எடையும் கூடும், பார்க்கச் சுகமாக இருக்கும். உள்ளே வெந்து அழுகிவிடும். கிடங்கில் திறந்து பார்த்தார்கள், அத்தனையையும் கொளுத்தினார்கள். "உங்கள் ஆள் கெடுத்தான்" என்று அவர் எழுதினார். "உங்கள் சோம்பேறி ஆட்களால்தான்" என்று இவர் எழுதினார். நடுவில் தேன் தடவ யாரும் இல்லை. மூன்று கடிதங்களுக்குள் எல்லாம் முடிந்துபோனது. புதுக்காட்டைப் பிரித்துக்கொண்டார்கள். கென்னர் துரை தன் பங்கை ஆட்களோடு சேர்த்து யாருக்கோ விற்றுவிட்டார். தெற்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு படகுக்காரன் சொன்னான். அதற்குமேல் அவனுக்கும் தெரியவில்லை.

கடிதம் இல்லாததால் பிரிஸ்டலை வயலுக்கு அனுப்பினார்கள். வயதான காலத்தில், அடுப்படியிலிருந்து வயலுக்கு அனுப்பப்பட்டிருந்த மகளுக்குப் பக்கத்து வரிசையில் நின்று புழு பொறுக்கினான். கெசியாவோடு அவன் அதிகம் பேச மாட்டான். அவள் தட்டில் அடையை வைப்பான். இடி இடிக்கும் ராத்திரிகளில் அவள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பான். அவள் அம்மாவின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

ஒரு நவம்பர் மாதம் விடாத மழை. மழை நாளில்தான் உலர்ந்த இலை தொட்டால் நொறுங்காமல் இருக்கும். அப்போது எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்து இலையைக் காம்பிலிருந்து உருவிக் கட்டு கட்டுவோம். அடுப்படி ஆட்களையும் கூப்பிடுவார்கள். நான், பிரிஸ்டல், கெசியா மூவரும் ஒரே குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடந்தது அன்று வாய்க்கு வந்துவிட்டது.

"ஏண்டா, எத்தனை வருசம் அந்த ரெண்டு பேரையும் பேசிப் பேசி ஒட்ட வச்சே. அப்புறமும் ரெண்டு வார்த்த போட்டிருந்தா புதுக்காடு நெலச்சிருக்கும். பெண்டா எங்க இருக்கான்னாவது தெரிஞ்சிருக்கும். ஏன் வாய மூடிக்கிட்டே?"

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் அவள்மேல் ஆசை இருந்தது. பார்த்ததே இல்லை, கேட்டுக் கேட்டே என் தங்கைபோல ஆகிவிட்டவள்.

பிரிஸ்டல் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தான்.

"வேணும்னு மூடல அக்கா. ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் போவேன். அந்தத் தாழ்வாரத்துல நின்னா வராது. அங்கதான் நான் ஒருத்திய எடுத்து, ஒருத்திய விட்டேன். பெண்டா கேட்டுக்கிட்டு நிக்கும்போது சின்னவளன்னு சொன்ன வாயி இது. அதுக்கப்புறம் இதுலேருந்து என்ன நல்ல வார்த்த வரும்?"

கொட்டகைக் கூரையில் மழை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கெசியா தலைநிமிராமல் இலையை உருவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"நீ எடுக்கல அப்பா."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கூச்சக்காரி, அன்று விடவில்லை.

"நீ தொப்பியவே பாத்துக்கிட்டு நின்னே. உனக்குத் தெரியாது. துரை ஒருத்தின்னு சொன்னதுமே அம்மா என் முதுகுல கைய வச்சுத் தள்ளிட்டா. நல்லா அழுத்தி. நான் ஒரு அடி முன்னால வந்து நின்னுட்டேன். அப்புறந்தான் துரை யாருன்னே உன்கிட்ட கேட்டாரு. நீ பெரியவளன்னு சொல்லியிருந்தாலும் அம்மா வந்திருக்க மாட்டா. எத்தன தடவ சொல்ல வந்தேன், நீ எந்திரிச்சுப் போயிருவ."

பிரிஸ்டல் அவளைப் பார்த்தான். அந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அவன் அப்படி அவள் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியே."

"அவளாவா?"

"அவளாத்தான் அப்பா. கை இங்க இருந்துச்சு." அவன் கையை எடுத்துத் தன் முதுகில், தோள்களுக்கு நடுவில் வைத்தாள்.

அவன் கையை எடுக்கவில்லை. கிழவன் முகம் முழுக்கக் கண்ணீர். துடைக்கவும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். முடித்ததும் மறுபடி கேட்டான், மறுபடியும் சொன்னாள். கங்காணி வந்து எட்டிப் பார்த்தபோது நான் மூன்று பேருடைய இலையையும் என் மடியில் போட்டுக்கொண்டு உருவினேன்.